செக்ரோலும் நோயேடும்: சப்ரகமுவத் தோட்டங்களும் சுகாதாரத் தகவல் முகாமைத்துவப் பட்டமும்

மலையக மக்களுக்கு எத்தகைய உயர்கல்வி வேண்டும் என்ற வினா எழுப்பப்படும் போதெல்லாம் அதற்கான விடை ஆயத்தமாகவே இருக்கிறது. வைத்தியர் வேண்டும், பொறியியலாளர் வேண்டும், சட்டத்தரணி வேண்டும், ஆசிரியர் வேண்டும். இவ்விடையில் தவறேதும் இல்லை. ஆயின், சுகாதாரத் தகவல் முகாமைத்துவம் என்னும் இளமாணிப் பட்டத்தின் பெயரைச் சொன்னவுடன் படித்தவர்கள் முகத்திலேயே ஓர் ஏளனம் தோன்றுவதைக் காணலாம். "அது கிளாக்கர் வேலையல்லவா? பதிவேடு எழுதுவதற்கும் ஒரு பட்டமா?" என்பதே அவர்களது கேள்வி. இவ்வேளனம் வெறும் அறியாமையின் விளைவு என்று ஒதுக்கிவிடத்தக்கதன்று. யாருடைய நோய் எழுதப்படுகிறது, யாருடைய நோய் எழுதப்படாமல் விடப்படுகிறது என்ற அரசியலை மூடிமறைக்கும் ஏளனம் அது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களை முன்னிறுத்தி நோக்குமிடத்து அதன் பொய்ம்மை தெளிவாகப் புலப்படும்.

துறையின் இயல்பு

முதலில் இத்துறை யாதென அறிதல் வேண்டும். ஒரு நோயாளி வைத்தியசாலைக்குள் நுழைந்தது முதல் வெளியேறும் வரை அவரைப் பற்றி எழுதப்படுவன அனைத்தும் தகவலாகும். அத்தகவலைச் சரிபார்த்தல், சர்வதேச நோய் வகைப்பாட்டுக்கு அமையக் குறியீடு இடுதல், பேணிக் காத்தல், மீண்டும் வேண்டும்போது எடுத்துக் கொடுத்தல், பல்லாயிரம் சீட்டுக்களிலிருந்து ஒரு மாவட்டத்தின் நோய்நிலையைத் திரட்டிக் காட்டுதல், தகாதவர் கையில் அது சிக்காமற் காத்தல் என்பன இத்துறையின் பணிகள். உடற்கூற்றியலும் நோயியலும் அறியாதவரால் குறியீடு இடமுடியாது. புள்ளிவிபரவியல் அறியாதவரால் வீதம் கணிக்கமுடியாது. கணினியியலும் சட்டமும் அறியாதவரால் பதிவைக் காக்கமுடியாது. எனவே இது பல துறைகள் சந்திக்கும் ஒரு படிப்பேயன்றி வெறும் எழுத்து வேலையன்று.

இதன் வரலாறும் இளையதன்று. 1662இல் இலண்டன் நகரின் இறப்புப் பட்டியல்களைக் கூட்டிப் பார்த்த ஜோன் கிரான்ட் ஒரு வணிகர், வைத்தியரல்லர். கிரிமியப் போரில் பகைவரின் குண்டைவிட வைத்தியசாலையின் அழுக்கே அதிக படைவீரரைக் கொன்றது என்பதைப் புளோரன்ஸ் நைட்டிங்கேல் நிறுவியது விளக்கினாலன்று, கணக்கினால். இறப்பின் காரணங்களுக்கு ஒரு பொதுப் பட்டியலை ஜாக் பெர்ட்டியோன் 1893இல் முன்வைத்தார். அதன் வழிவந்ததே இன்று உலக சுகாதார நிறுவனம் பேணும் வகைப்பாடு. 1928இல் வட அமெரிக்காவின் மருத்துவப் பதிவாளர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்ததிலிருந்து இது தனித்தொழிலாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவப் பதிவியலைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது. இலங்கையில் மருத்துவப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் வைத்தியர்களுக்கு உயிர்மருத்துவத் தகவலியலில் முதுமாணிப் பட்டம் வழங்கி வருகிறது. யக்கலையிலுள்ள கம்பஹா விக்கிரமாரச்சி சுதேச மருத்துவப் பல்கலைக்கழகம் சுகாதாரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தில் இளமாணிப் பட்டம் ஒன்றை நடத்துகிறது. ஆகவே "இதற்கும் ஒரு பட்டமா" என்ற கேள்வி எப்பொழுதோ விடை பெற்றுவிட்டது. எஞ்சியிருப்பது, அப்பட்டம் யாருக்கு, எம்மொழியில், எவ்விடத்தில் என்னும் கேள்வியே.

இரண்டு ஏடுகள்

பெருந்தோட்டம் எழுத்தறியாத நிறுவனம் அன்று. உண்மையில் இந்நாட்டில் அதைப்போல் எழுதிக் குவித்த நிறுவனம் வேறொன்று உண்டோ என்பது ஐயமே. செக்ரோலில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயரும் உண்டு. பறித்த கொழுந்தின் நிறை உண்டு. வெட்டிய பாலின் அளவு உண்டு. அரைநாள் பெயரா முழுநாள் பெயரா என்ற குறிப்பு உண்டு. கடனாளித் தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் செல்லக் கணக்குத் தீர்த்த 'துண்டு' வேண்டியிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர் கழுத்தில் எண் பொறித்த தகரச் சீட்டுத் தொங்கியது. கூலியும் கடனும் ஓட்டமும் சம்பந்தப்பட்ட யாவும் பதியப்பட்டன.

அதே தொழிலாளியின் உடல் பதியப்பட்டதா? கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே கண்டிச் சீமைக்கு நடந்தவர்களுள் எத்தனை பேர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் மடிந்தனர் என்பது இன்றுவரை வரலாற்றாசிரியர்களிடையே தீராத வழக்காக உள்ளது. வந்தோர் தொகையிலிருந்து திரும்பியோர் தொகையைக் கழித்து, எஞ்சியோரில் இறந்தோர் எத்தனை பேர் என ஊகிக்கும் கணக்கே அவர்களுக்கு வாய்த்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர் என்று ஒருவர் எழுதினால் அது மிகை என்று மற்றொருவர் எழுத இடமிருந்தது. ஏனெனில் இறந்தவன் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. பதிவின்மை என்பது வெறுமை அன்று. அது பொறுப்பேற்க வேண்டியவனுக்குக் கிடைத்த விடுதலை.

1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் 1912ஆம் ஆண்டின் சட்டங்களும் தோட்ட மருத்துவத்துக்கு ஒரு வடிவம் தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. 1910களின் நடுப்பகுதியில் றொக்கபெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கியபோது தொழிலாளரின் மலம்கூடப் பரிசோதித்துக் கணக்கிடப்பட்டது. ஆனால் இக்கணக்கெடுப்புக்கள் யாவும் எந்த நோக்கில் எழுந்தன? சோகை பிடித்த கூலியால் மலையேற முடியாது, வேலை குறையும். உழைப்புக்கு இடையூறாகும் நோய் எண்ணப்பட்டது. உழைப்புக்கு இடையூறாகாத நோய் எண்ணப்படவில்லை. இறப்பேடுகளில் 'காய்ச்சல்', 'மாந்தம்', 'வலிப்பு' என்னும் பொதுச் சொற்களுக்குள் எத்தனை குழந்தைகள் புதைக்கப்பட்டனவோ யாரறிவார்?

எண் பேசிய வேளைகள்

பதிவு செய்யப்பட்ட விடத்து நிகழ்ந்தது வேறு. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மிகக் கொடிய தாக்குதலுக்கு உள்ளான பகுதிகளுள் கேகாலை மாவட்டம் முதன்மையானது. அங்கு சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் கொண்டு சென்றமையும், அப்பணியின் வழி என். எம். பெரேரா 1936இல் ருவன்வெல்லைத் தொகுதியில் வெற்றி பெற்றமையும் இந்நாட்டு இடதுசாரி இயக்க வரலாற்றின் முதல் அத்தியாயங்கள். அப்பேரழிவை எந்த ஆட்சியாளனாலும் மறுக்க முடியாமற் போனமைக்குக் காரணம் இறப்புப் பதிவேடுகள் அதைப் பேசியமையே.

1974ஆம் ஆண்டின் உணவு நெருக்கடியும் அத்தகையதே. அவ்வாண்டில் தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடப் பெரிதும் உயர்ந்தது. தோட்டங்களில் நிகழும் பிறப்பு இறப்புக்களைத் தோட்டத்துரை மாவட்டப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தமையால், தோட்டத்தின் சாவுகள் தனியாகத் தெரிந்தன. அந்த எண்கள் மட்டும் இல்லாதிருப்பின் மலையகத்தின் பட்டினிச் சாவு வெறும் கதையென்று தள்ளப்பட்டிருக்கும்.

இன்றைய எண்களும் வாய்திறந்தே பேசுகின்றன. 2006-07 மக்கட்தொகைச் சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 40 சதவீதம். 2016ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் எண் 17 சதவீதமாகவே இருக்க, தோட்டத்தின் எண் ஏறத்தாழ 32 ஆயிற்று. குறைந்தது உண்மை. எனினும் மூன்று தோட்டக் குழந்தைகளில் ஒன்று குன்றிய உடலோடு வளர்கிறது என்பது அதனினும் பெரிய உண்மை.

சராசரியில் கரைந்தவர்கள்

இங்கேதான் சப்ரகமுவவின் தனிப்பட்ட அவலம் தொடங்குகிறது. தோட்டத்துறை என்றவுடன் நுவரெலியாவின் தேயிலை மலைகளே மனக்கண்ணில் தோன்றும். அத்துறைக்குரிய சராசரிகளும் அம்மாவட்டத்தின் கனத்தினாலேயே தீர்மானிக்கப்படுகின்றன. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, பலாங்கொடை ஆகிய பகுதிகளின் தோட்டங்கள் அவ்வாறானவையல்ல. இறப்பரும் தேயிலையும் கலந்தவை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. இம்மக்கள் மாவட்டக் கணக்கில் கிராமத்தவரின் பெரும் எண்ணிக்கைக்குள் கரைகின்றனர். துறைக் கணக்கில் நுவரெலியாவுக்குள் கரைகின்றனர். ஆய்வறிக்கைகளின் பிரதான அட்டவணைகள் மாவட்டத்தை ஒரு நிரலாகவும் துறையை இன்னொரு நிரலாகவும் தருகின்றன. இரண்டும் சந்திக்கும் கட்டம் இல்லை. இரத்தினபுரி மாவட்டத் தோட்டக் குழந்தை எந்நிரலிலும் தன் முகத்தைக் காணமுடியாது.

வரைவிலக்கணமும் ஒரு சூழ்ச்சியே. 20 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புக் கொண்டு, 10 பேரோ அதற்கு மேலோ வதியும் தொழிலாளரைக் கொண்டதே புள்ளிவிபரத்தில் தோட்டம் எனப்படும். துண்டாடப்பட்ட தோட்டத்தின் எஞ்சிய லயத்தில் வாழ்பவர் இவ்வரையறையின் விளிம்பில் நிற்கிறார். தோட்டத்தை விட்டுக் கிராமச் சிறுதோட்டத்திற் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கும் பெண் புள்ளிவிபரத்திற் 'கிராமியத் துறை' ஆகிவிடுகிறாள். அவளது வறுமை மாறவில்லை. அவளது நிரல் மட்டுமே மாறிவிட்டது.

எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்க. இரத்தினபுரியும் கேகாலையும் அந்நோய் மலிந்த மாவட்டங்கள் என்பது தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கைகளை நோக்குவோர் அறிந்ததே. வயல் உழவர், மாணிக்கக் குழியில் இறங்குவோர், தோட்டத் தொழிலாளர் என மூவகையினரும் அங்கு சேற்றில் நிற்பவர்கள். எனினும் அவ்வறிக்கையின் அட்டவணை பிராந்தியத்துக்கு ஓர் எண்ணைத் தருகிறதேயன்றி, அவ்வெண்ணுக்குள் யார் இருக்கிறார் என்பதைத் தரவில்லை. பாம்புக்கடியும் அவ்வாறே. இலங்கையில் வீடுவீடாகச் சென்று நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட தேசிய ஆய்வு, ஆண்டொன்றில் 80,000இற்கும் மேற்பட்டோர் கடியுண்கின்றனர் என மதிப்பிட்டது. வைத்தியசாலைப் பதிவுகள் காட்டிய தொகையைவிட இது மிக அதிகம். எஞ்சியோர் நாட்டு வைத்தியரிடம் சென்றனர், அல்லது எங்கும் செல்லவில்லை. விடியற்காலையில் இறப்பர் மலையில் பால்வெட்டச் செல்பவரின் காலைக் கோப்பி விரியன் தீண்டினால் அக்கடி எந்த ஏட்டில் ஏறும்? இந்தியாவிலிருந்து தருவிக்கப்படும் விஷமுறிமருந்து அவ்விரியனின் நஞ்சுக்கு உரியதன்று. எண்ணப்படாத கடிக்கு மருந்து தேடுவார் யார்?

மொழியும் பெயரும்

1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் தமிழையும் நிருவாக மொழியாக ஏற்றது. ஆயினும் வடக்குக் கிழக்கு நீங்கலான மாகாணங்களில் பதிவேடுகள் சிங்களத்திலேயே பேணப்படுவது பொதுவிதி. மொழிச் சிறுபான்மையினர் எட்டில் ஒரு பங்கை விஞ்சும் பிரதேசச் செயலகப் பிரிவுகளிலேயே இருமொழி நிருவாகத்துக்கு இடமுண்டு. சிதறி வாழும் சப்ரகமுவத் தமிழர் பல பிரிவுகளில் அவ்வெல்லையை எட்டுவதில்லை. விளைவு என்ன? தாய் தன் நோயைத் தமிழில் சொல்கிறாள். கேட்பவர் சிங்களத்தில் விளங்கிக்கொள்கிறார். சீட்டு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. மூன்று மொழிகளைக் கடக்கையில் 'நெஞ்செரிச்சல்' நெஞ்சுவலியாகலாம், 'மயக்கம்' வலிப்பாகலாம்.

பெயர் படும்பாடு அதனினும் கொடிது. இலட்சுமி பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி. அடையாள அட்டையில் லெச்சுமி. கிளினிக் கொப்பியில் லக்ஷ்மி. தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னே, ஓரிடத்தில் பின்னே, ஓரிடத்தில் இல்லவே இல்லை. ஒருத்தியே மூவராகிறாள், அவளது நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருவேறு பெண்களுக்குரியனவாகின்றன. இது சிரித்துவிட்டுப் போகும் விடயமன்று. பெயர்ப் பிழையும் சான்றிதழின்மையும் இம்மக்களுக்கு எதைச் செய்யவல்லன என்பதற்கு 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் சாட்சி. தொடர்ந்து வதிந்தமைக்கு ஆவணம் காட்ட வேண்டியிருந்தது. காட்ட இயலாதோர் நாடற்றவராயினர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் கொளுத்தப்பட்டபோது உடுத்த துணியோடு ஓடியவர் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்திருப்பாரா? ஏட்டில் இல்லாதவன் நாட்டிலும் இல்லாதவனாகும் அனுபவம் இம்மக்களுக்குப் புதியதன்று.

மறுப்புரைகளும் விடைகளும்

முதல் மறுப்பு: தோட்டத்துக்கு முதலில் வேண்டியது வைத்தியரும் மருந்தும், ஏடன்று. இவ்வாதம் இரக்கத்தின் உடையணிந்த சோம்பல். வைத்தியரை எங்கு நியமிப்பது, மருந்தை எவ்வளவு அனுப்புவது என்பன எண்ணைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. பதிவில் நோயாளி இல்லாத டிஸ்பென்சரிக்கு வைத்தியர் வரமாட்டார். ஏடும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்று மற்றதை வரவழைப்பது.

இரண்டாவது மறுப்பு: கணினி வந்துவிட்டது, இனி ஆள் எதற்கு? வைத்தியசாலை விடுதி நோயாளரின் விபரம் இன்று மின்னணு முறையில் சுகாதார அமைச்சுக்குச் செல்கிறது. 2020 ஜனவரியில் கொவிட் நோய்க் கண்காணிப்புக்கென இலங்கைத் தகவலியலாளர் அமைத்த மென்பொருட் பகுதியைப் பின்னர் பல நாடுகள் தமதாக்கிக்கொண்டன. திறன் இல்லாத நாடன்று இது. ஆனால் மூன்று இலட்சுமிகளும் ஒருத்தியே என்பதைக் கணினி தானே அறியாது. தவறாக எழுதப்பட்டதை அது விரைவாகப் பெருக்குமேயன்றித் திருத்தாது. திருத்துவதற்கு அந்த மொழியும் அந்தப் பெயர்வழக்கும் அந்த லயத்து வாழ்வும் தெரிந்த ஒருவர் வேண்டும்.

மூன்றாவது மறுப்புச் சற்றுக் கனமானது: எண் எவரையும் காப்பாற்றாது, 1974இல் எண் இருந்தும் மக்கள் செத்தார்களே. உண்மை. எண் சோறாகாது. எண்ணை ஏந்திச் செல்லும் இயக்கமின்றி அது அறிக்கைக்குள்ளேயே கிடந்து மக்கும். ஆனால் எண்ணின்றிச் செல்லும் இயக்கம் வெறும் முழக்கமாகும். மே தின மேடைகளில் தலைவர்கள் 'எமது மக்கள் நோயால் வாடுகின்றனர்' என்கின்றனர். எந்நோயால், எத்தோட்டத்தில், எத்தனை பேர் என்று அமைச்சின் அதிகாரி கேட்டால் விடையில்லை. மலையக இலக்கியமும் லயத்தின் துயரை இரண்டு தலைமுறைகளாகப் பாடியுள்ளது, அது வேண்டியதே. ஆயினும் ஒப்பாரியை ஆதாரமாக எந்த ஆணைக்குழுவும் ஏற்றதில்லை.

நான்காவது மறுப்பு வெளியே சொல்லப்படாதது. பல்கலைக்கழகங்களின் உள்ளேயே வாழ்வது. விஞ்ஞானப் பிரிவினர் இதை எழுத்துவேலை என்பர். கலைப்பிரிவினர் இதை இயந்திரவேலை என்பர். வைத்தியர் தகவலியலைப் பட்டப்பின்படிப்பாகக் கற்கலாம், பதிவறையில் இருப்பவர் அனுபவத்தால் கற்றால் போதும் என்ற சாதிமுறை இது. உயரத்தில் உள்ளவனுக்குக் கல்வி, அடியில் உள்ளவனுக்குப் பழக்கம் என்ற இப்பாகுபாடு தோட்டத்தின் துரைக்கும் கங்காணிக்கும் இடையிலிருந்த பாகுபாட்டின் வேறொரு வடிவமேயாகும்.

ஏடு யார் கையில்?

பதிவு வேண்டும் என்பதனால் எவர் கையிலும் பதிவு இருக்கலாம் என்றாகாது. தோட்ட டிஸ்பென்சரியின் ஏடு நீண்டகாலம் நிருவாகத்தின் ஏடாகவே இருந்தது. 1992இல் அரசுத் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கைமாறிய பின்னரும், அரசாங்கச் சுகாதாரச் சேவையுடனான இணைப்பு எங்கும் ஒரே அளவில் நிறைவேறவில்லை. ஒரு பெண் கருவுற்றிருப்பதையும் ஒரு தொழிலாளிக்குக் காசநோய் இருப்பதையும் அவர்களுக்கு வேலை கொடுப்பவனே முதலில் அறிவது நீதியாகுமா? தோட்டப் பெண்களிடையே நிரந்தரக் கருத்தடை ஏனைய துறைகளிலும் மிகுந்திருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர்களின் சம்மதம் எம்மொழியில் கேட்கப்பட்டது, எவ்வாறு எழுதப்பட்டது என்று பதிவேட்டைப் புரட்டிக் கேட்கும் பயிற்சி யாருக்கு உண்டு? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமும் நூலில் உள்ளன. முன்னது தனியாளின் நோயை மறைக்க உதவுவது. பின்னது சமூகத்தின் நோயை வெளிக்கொணர உதவுவது. இரண்டையும் வேறுபிரித்தறிந்து கையாள்பவரையே இப்பட்டம் உருவாக்க வேண்டும்.

செய்யத்தக்கது

சப்ரகமுவ மாகாணத்தில் இதற்கு வேண்டிய உறுப்புக்கள் யாவும் உள்ளன. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்துக்கு இரத்தினபுரியில் மருத்துவபீடம் உண்டு. பெலிஹுல்ஓயாவில் கணினியியற் பீடமும் சமூக விஞ்ஞான மொழிகள் பீடமும் உண்டு. இரத்தினபுரி போதனா வைத்தியசாலையும், பலாங்கொடை, கரவனல்லை ஆதார வைத்தியசாலைகளும் பயிற்சிக் களங்களாக அருகிலேயே உள்ளன. இம்மூன்று பீடங்களும் சேர்ந்து சுகாதாரத் தகவல் முகாமைத்துவத்தில் நான்காண்டு இளமாணிப் பட்டமொன்றை நடத்துதல் வேண்டும். உயர்தரத்தில் கலைப்பிரிவில் பயின்றோருக்கும் அதன் கதவு திறக்கப்படுதல் வேண்டும். ஏனெனில் விஞ்ஞான ஆய்வுகூடமில்லாத தோட்டப் பாடசாலை மாணவன் வேறு வழியின்றிக் கலைப்பிரிவுக்கே தள்ளப்படுகிறான். நோய்க்குறியீடும் புள்ளிவிபரவியலும் சட்டமும் கற்பிக்கப்படும் அதேவேளையில், சிங்களம் பேசும் மாணவர் தமிழையும் தமிழ் பேசும் மாணவர் சிங்களத்தையும் எழுதப் பயிலுதல் வேண்டும். இறுதியாண்டின் ஒரு பகுதி வைத்தியசாலைப் பதிவறையிலும் மறுபகுதி தோட்ட டிஸ்பென்சரியிலும் கழிதல் வேண்டும். பட்டம் பெற்றோருக்கு மாகாணச் சுகாதாரச் சேவையில் உரிய பதவிநிலை உருவாக்கப்படாவிடின் இவையெல்லாம் கடதாசித் திட்டமாகவே முடியும் என்பதையும் மறத்தலாகாது.

இதனாற் பயனடைவோர் தமிழர் மட்டுமல்லர். மாணிக்கக் குழியில் இறங்கும் சிங்கள இளைஞனின் எலிக்காய்ச்சலும் அதே ஒற்றை எண்ணுக்குள்ளேதான் மறைந்து கிடக்கிறது. உழைப்பவன் உடல் எண்ணப்படுவதற்கு இனம் இல்லை.

2023இல் மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்தமை நினைவுகூரப்பட்டது. அந்த இருநூறு ஆண்டுகளில் அவர்கள் பறித்த ஒவ்வொரு கிலோக் கொழுந்தும் எவனோ ஒருவனால் எழுதப்பட்டது. எழுதியவன் அவர்களுள் ஒருவனல்லன். எழுதப்பட்டது அவர்களுக்காகவும் அன்று. நோயேட்டையும் அவ்வாறே பிறர் கையில் விட்டுவிட்டுப் பட்டதாரிகள் ஏளனப் புன்னகையோடு இருந்துவிட முடியுமா? செக்ரோலில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் நோயேட்டிலும் பெயர் இருத்தல் வேண்டும். அப்பெயர் பிழையின்றி எழுதப்படுதல் வேண்டும். அதை எழுதும் கை அந்த லயத்திலிருந்தே வருதல் வேண்டும்.